வாயில் வராத எழுத்தைப் பிள்ளை எப்படி ஞாபகம் வைப்பது? (ஆங்கில ஸ்பெல்லிங்)

மீன்கொத்தி:

வணக்கம். மகள் சிங்கப்பூரில் தொடக்கநிலை 5 (ஐந்தாம் வகுப்பு). வாரத்துக்கு 10 சொல் ஆங்கில ஸ்பெல்லிங். தமிழ்ச் சொல்வதெழுதுதலில் ர-ற தகராறு தவிரப் பெரிய சிக்கல் இல்லை, காதில் விழுந்ததை எழுதிவிடுவாள். ஆங்கிலத்திலும் அதையேதான் செய்கிறாள். அங்கேதான் அடி.

இந்த மாதம் சிவப்பு மை பட்டவை: தீவுக்கான ஐலண்டில் எஸ் இல்லை. ரசீதுக்கான ரிசீட்டில் பேனா-பி இல்லை. டவுட்டில் பஸ்-பி இல்லை. இலையுதிர் காலத்துக்கான ஆட்டத்தில் கடைசி என் இல்லை. பிகினிங்கில் ஒற்றை என், ஓப்பனிங்கில் இரட்டை என், அதாவது சரியாகத் தலைகீழ். சமையற்கார செஃப்புக்கு எஸ்-எச்.

(இங்கே தமிழ் எழுத்து மட்டுமே ஏறும் என்பதால் ஓர் ஒப்பந்தம்: பஸ் என்ற சொல்லின் முதலெழுத்து பஸ்-பி, பென் என்பதன் முதலெழுத்து பேனா-பி. சி-க்கு அடுத்தது டி, எஸ்ஸுக்கு அடுத்தது டீ.)

மனப்பாடம்தான் ஒரே வழியா? இரட்டிப்பதற்கு விதி ஏதும் உண்டா? ஐ முன்னா இ முன்னா என்று பள்ளியில் சொல்லும் விதியை எவ்வளவு தூரம் நம்பலாம்?


ஒற்றுப்புள்ளி:

முதலில் மகளை 'நாற்காலி' எழுதச் சொல்லுங்கள். வாயில் 'நாக்காலி' என்றுதான் வரும், கை மட்டும் ற் போடும். ஏன் என்று கேட்டால் நால் + கால் என்று பிரித்துக் காட்டலாம். நாற்பதும் அப்படித்தான். பேச்சில் அந்த ற் கரைந்துபோய்விட்டது. எழுத்தில் உறவைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. ஆங்கிலம் இதையே மூச்சுக்கு மூச்சு செய்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே ஊமை எழுத்தைக் கண்டால் பிள்ளை கேட்க வேண்டியது: இந்தச் சொல்லின் சொந்தக்காரர்கள் யாரிடமாவது இதே எழுத்து வாய் திறக்கிறதா?

இரண்டைக் குறிக்கும் 'டூ'வில் தொடங்குங்கள். நடுவில் டபிள்யூ ஏன் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை, பழகிவிட்டது. ட்வின், ட்வெல்வ், ட்வென்டி, ட்வைஸ், பிட்வீன் என்று வரிசையாகச் சொல்ல வையுங்கள். எல்லாம் இரண்டின் குடும்பம், எல்லாவற்றிலும் டபிள்யூ கேட்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக வரும்.

ஆட்டத்தின் கடைசி என், ஆட்டம்னல் என்பதில் கேட்கும். பத்திக்கான காலமில் ஊமையாக இருக்கும் என், காலம்னிஸ்டில் பேசும். கையெழுத்திடும் ஸைனில் உள்ள ஜி, சிக்னலிலும் சிக்னேச்சரிலும் எழுந்துவிடும். தசைக்கான மஸிலில் சி எதற்கு? மஸ்குலர் சொல்லிப் பாருங்கள். சாஃபனில் உள்ள டீ, சாஃப்டின் டீ. கடனுக்கான டெட்டில் உள்ள பஸ்-பி, டெபிட் கார்டில் இருக்கிறது. டவுட்டுக்கு ட்யூபியஸ், ரிசீட்டுக்கு ரிசெப்ஷன்.

'ஒன்' இதற்கு நேர் எதிர். அதில் டபிள்யூ ஒலி இருக்கிறது, எழுத்து இல்லை. பழைய உச்சரிப்பு ஒன்லியிலும் அலோனிலும் தங்கியிருக்கிறது. அலோன் என்பது ஆல், ஒன் இரண்டும் ஒட்டியதுதான்.

சொந்தக்காரர் கிடைக்காத கூட்டமும் உண்டு. கே-என் தொடக்கம் அதில் ஒன்று: கத்தி, முழங்கால், முடிச்சு, தட்டு, அறி ஆகிய பொருள் தரும் ஆங்கிலச் சொற்கள். பழைய ஆங்கிலத்தில் அந்த கே ஒலித்தது. 17ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் வாயிலிருந்து போயிற்று. முழங்காலை ஜெர்மன்காரர் இன்னும் 'க்னீ' என்றுதான் சொல்கிறார். இரவுக்கான நைட்டில் ஜி-எச் இருப்பதும் அப்படியே. ஜெர்மன் 'நாஹ்ட்'டில் தொண்டையில் உரசும் அந்த ஒலி ஆங்கிலத்திலும் இருந்தது.

ஒலி போனபின் எழுத்து மட்டும் ஏன் நின்றது? 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் போட்டார். அச்சு பரவப் பரவ எழுத்து மெல்ல உறைந்தது. ஏறக்குறைய 1400 முதல் 1700 வரை நெட்டுயிர்கள் ஒவ்வொன்றாக இடம் மாறிக்கொண்டிருந்த காலமும் அதுவே. எழுத்து நின்றுவிட்டது, வாய் நடந்துகொண்டே இருந்தது. இன்று பிள்ளை எழுதுவது பெரும்பாலும் 500 வருஷத்துக்கு முந்தைய வாயை.

செஃப் விஷயம் வேறு, அது கடன் வாங்கிய காலத்தைப் பொறுத்தது. சி-எச் மூன்று வகை. சர்ச், சீஸ், சீஃப் போன்ற பழைய சொற்களில் 'ச்'. கெமிஸ்ட், ஸ்டொமக், ஸ்கூல் போன்ற கிரேக்க வழிச் சொற்களில் 'க்'. செஃப், மெஷின், ப்ரோஷர் போன்று பிற்காலத்தில் பிரெஞ்சிலிருந்து வந்தவற்றில் 'ஷ்'. தலைவரைக் குறிக்கும் சீஃபும் சமையற்கார செஃபும் ஒரே பிரெஞ்சுச் சொல் என்பதுதான் வேடிக்கை. முன்னது நடுக்காலத்தில் வந்தது, அப்போது பிரெஞ்சுக்காரர் வாயில் 'ச்'. பின்னது 19ஆம் நூற்றாண்டில் வந்தது, அதற்குள் அவர்கள் வாய் 'ஷ்' ஆகிவிட்டது. எழுத்து இரண்டு தடவையும் சி-எச்.


சிவப்புமை:

ஒற்றுப்புள்ளி அண்ணன் சொன்ன சொந்தக்காரர் வழி நல்ல வழிதான். ஆனால் அதை மட்டும் நம்பினால் இரண்டு இடத்தில் வழுக்கும்.

ஒன்று, பொய்ச் சொந்தம். ஐலண்டின் எஸ் எந்தக் காலத்திலும் ஒலித்ததில்லை. பழைய ஆங்கிலத்தில் அது 'ஈய்லாண்ட்' மாதிரி ஒரு சொல், எஸ் கிடையாது. லத்தீன் இன்சுலாவிலிருந்து பிரெஞ்சு வழி வந்த 'ஐல்' என்ற வேறு சொல்லில் எஸ் இருந்தது. இதற்கும் அதுதான் மூலம் என்று நினைத்து நடுவில் செருகிவிட்டார்கள். குட் என்ற துணைவினையில் எல் வந்ததும் பக்கத்தில் நின்ற வுட், ஷுட் இரண்டையும் பார்த்துத்தான். அவற்றில் எல்லுக்கு நியாயம் உண்டு, வில், ஷல் என்று மூலம் இருக்கிறது. குட்டுக்கு மூலம் கேன், அதில் ஏது எல்? கட்டைவிரல் தம்மின் கடைசி பஸ்-பி-யும் பிறகு ஒட்டியது. பேயைக் குறிக்கும் கோஸ்டில் உள்ள எச், காக்ஸ்டன் அச்சகத்தின் ஃபிளெமிஷ் பழக்கத்தால் நுழைந்தது. இவற்றுக்குச் சொந்தக்காரரைத் தேடினால் பிள்ளைக்குத் தலைவலிதான் மிஞ்சும்.

இரண்டு, பாதிச் சொந்தம். ரிசீட்டுக்கு ரிசெப்ஷன் என்று சொல்லிக்கொடுத்தீர்கள். அடுத்த வாரம் டிசீட் வரும். டிசெப்ஷன் இருக்கிறதே என்று பிள்ளை பேனா-பி போடுவாள். தப்பு. டிசீட்டிலும் கன்சீட்டிலும் அந்த எழுத்து இல்லை. மூன்றும் பிரெஞ்சிலிருந்து ஒரே மாதிரிதான் வந்தன. லத்தீன் தெரிந்தவர்கள் ரிசீட்டுக்கு மட்டும் லத்தீன் எழுத்தைத் திருப்பிப் போட்டார்கள், மற்ற இரண்டையும் விட்டுவிட்டார்கள். இந்த மூன்றையும் ஒரே அட்டையில் எழுதி வைப்பது நல்லது.

ஆக, 10 சொல் வந்ததும் உட்கார்ந்து மூன்று குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒலித்தபடி எழுதலாம் என்பவை ஒன்று. சொந்தக்காரர் காட்டிக்கொடுப்பவை ஒன்று. மீதி அநாதை. சில வாரம் அநாதை இரண்டே இரண்டுதான் வரும், சில வாரம் ஐந்தாறு. மனப்பாட உழைப்பு முழுதும் அந்தக் குவியலுக்குத்தான் போக வேண்டும்.

அநாதைகளுக்கு 'எழுத்துக்குரல்' பயன்படுத்துங்கள். வீட்டுக்குள் மட்டும் எழுதியிருப்பதை எழுதியபடியே உரக்கப் படிப்பது: ஐஸ்-லாண்ட், க்னைஃப், வெட்-நெஸ்-டே, ஃபெப்-ரு-அரி. பிறகு பார், மூடு, எழுது, திறந்து சரிபார். பார்த்துக்கொண்டே பத்துத் தடவை எழுதுவதில் கைதான் வலிக்கும். ஐந்தாவது தடவைக்கு மேல் கண் முந்தைய வரியைத்தான் காப்பியடிக்கிறது. மூடி எழுதுவது இன்று ஒரு தடவை, நாளை ஒரு தடவை, மூன்று நாள் கழித்து ஒரு தடவை. தப்பினால் சொல் முழுவதையும் திருப்பி எழுத வேண்டாம், தப்பிய எழுத்தை மட்டும் வட்டமிட்டால் போதும். பிள்ளைகள் எப்போதும் ஒரே இடத்தில்தான் விழுகிறார்கள்.


தனிக்குறில்:

இரட்டிப்பு பற்றி. இந்த விதியைத் தமிழ்ப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது மற்றவர்களுக்குச் சொல்வதைவிட எளிது, ஏனென்றால் நன்னூலில் இருக்கிறது: 'தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்.'

கல் + இல் = கல்லில். பால் + இல் = பாலில், நெடிலானதால் இரட்டவில்லை. இதையே ஆங்கிலத்தில் வையுங்கள். ரன்னோடு இங் சேர்ந்தால் என் இரட்டும். மழை பெய்யும் ரெய்னில் இரண்டு உயிரெழுத்து சேர்ந்து நெடில், அதனால் இரட்டாது. ஜம்ப்பில் ஏற்கெனவே இரண்டு மெய் இருக்கிறது, மூன்றாவது எதற்கு? வந்து சேர்வது உயிராக இருக்க வேண்டும் என்பதும் பொருந்துகிறது. ஷிப்போடு இங் சேர்ந்தால் பேனா-பி இரட்டும், மென்ட் சேர்ந்தால் இரட்டாது. டபிள்யூ, எக்ஸ், ஒய் மூன்றும் கடைசியில் இருந்தால் இரட்டவே கூடாது. எக்ஸ் தனியாகவே இரண்டு ஒலி.

எதற்காக இந்த ஏற்பாடு? ஆங்கிலக் கண் 'உயிர், ஒற்றை மெய், உயிர்' என்று பார்த்தால் முதல் உயிரை நெட்டி வாசிக்கும். முயல் தத்துகிறது என்று எழுதப் போய் ஹாப்பிங்கில் ஒற்றை பேனா-பி போட்டால் அது ஹோப்பிங் ஆகிவிடும். முயல் தத்தாது, நம்பிக்கொண்டிருக்கும்.

தமிழ் விதி ஆங்கிலத்தோடு பிரியும் இடம், ஓரசைக்கு மேற்பட்ட சொற்கள். கடல் + இல் = கடலில், குறில் தனியாக இல்லை, பிரச்சினை முடிந்தது. ஆங்கிலத்தில் அப்படி முடியாது, அழுத்தம் எந்த அசையில் என்று பார்க்க வேண்டும். கடைசி அசையில் அழுத்தம் இருந்தால் இரட்டும். பிகின் என்பதில் அழுத்தம் 'கின்'னில், எனவே இரட்டை என். ஓப்பனில் அழுத்தம் 'ஓ'வில், எனவே ஒற்றை. விசிட், ஆஃபர், ஹாப்பன், என்டர் எல்லாம் முதலசை அழுத்தம், கடைசி எழுத்து இரட்டாது. ரிஃபர் கடைசி அழுத்தம், ரிஃபர்டில் இரட்டை ஆர். ஆனால் ரெஃபரன்ஸ் என்றதும் அழுத்தம் முன்னுக்கு ஓடிவிடுகிறது, ஆரும் ஒற்றையாகிவிடுகிறது. ப்ரிஃபரும் அப்படியே.

இங்கே ஒரு கஷ்டம். தமிழில் அசையழுத்தம் பொருளை மாற்றுவதில்லை, காது அதைத் தேடுவதும் இல்லை. போதாததற்கு சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலம் எல்லா அசையையும் ஏறத்தாழ ஒரே தட்டாகத் தட்டும். எனவே காதை நம்ப வேண்டாம். அகராதியில் உச்சரிப்புக் குறியீட்டைத் திறந்தால் அழுத்தமான அசைக்கு முன்னால் மேலே ஒரு சின்ன நிமிர்ந்த கோடு இருக்கும். அதைப் பார்க்கப் பழக்குங்கள்.

இன்னொன்று, இது தமிழ்ப் பிள்ளைகளுக்கே உரிய தவறு. உயிர்களுக்கு நடுவே ஒற்றை ப வந்தால் தமிழில் மெலிந்துவிடும், வல்லொலி வேண்டுமானால் ப்ப என்று இரட்டித்தாக வேண்டும். அதனால் பேப்பர், ஓப்பன், ஹோட்டல், சிட்டி என்று எழுதிப் பழகியிருக்கிறோம். இந்த நான்கிலும் ஆங்கிலத்தில் ஒற்றை மெய்தான். காப்பியும் ஆப்பிளும் ஆங்கிலத்திலும் இரட்டையாக அமைந்துவிட்டதால் பிள்ளைக்கு அதுவே விதி என்று தோன்றும். இரட்டை போட்ட தவறுகளை மட்டும் தனியே எடுத்துத் தமிழில் எழுதச் சொல்லுங்கள், காரணம் தெரிந்துவிடும்.


தேக்காக்காரன்:

இவ்வளவு சுற்ற வேண்டுமா? தமிழ் வழியாகவே ஞாபகம் வைக்கலாமே. கேஷ் நம்ம காசு. ரைஸ் நம்ம அரிசி. ஒன் நம்ம ஒன்று. பிள்ளைக்கு ஆர்வமும் வரும்.


ஒற்றுப்புள்ளி:

ஆர்வம் வரட்டும், தப்பில்லை. ஆனால் அந்த மூன்றும் சரியில்லை, தம்பி.

கடையில் நீட்டும் கேஷ், பணப்பெட்டியைக் குறித்த இத்தாலியச் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழி வந்தது. நம்முடைய காசும் ஆங்கிலத்துக்குப் போயிருக்கிறது, போர்த்துகீசியர் வாய் வழியாக, கீழைநாட்டுச் சில்லறை நாணயத்துக்குப் பெயராக. இரண்டும் ஒரே எழுத்தில் வந்து ஒட்டிக்கொண்டன, அகராதிகளில் தனித்தனிப் பதிவு. ஒன் ஜெர்மானியக் குடும்பச் சொல், ஒன்றோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல். ரைஸ் கிரேக்கம் வரை தெளிவாகப் போகிறது. அதற்கு அப்பால் அரிசியோடு முடிச்சுப் போடுவதை அறிஞர்கள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

சந்தேகமே இல்லாதவை வேண்டுமென்றால் கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி, மாணிக்கக் கல் வகையான குருந்தம். நான்கும் ஆங்கில அகராதியில் தமிழ் மூலத்தோடு இருக்கின்றன. மாங்காய் மலாய்க்கு மங்காவாகப் போய், போர்த்துகீசியர் கையில் ஏறி, மாங்கோ ஆயிற்று. மலாய் இல்லாமல் அந்தக் கதை முடியாது, சிங்கப்பூர்த் தேக்காவில் இருந்துகொண்டு அதை விடலாமா? கறியில் இரட்டை ஆர் இருப்பதைக் கவனியுங்கள். தனிக்குறில் சொன்ன காரணந்தான், முன்னால் உள்ள உயிர் குறிலாகவே நிற்க.


சிவப்புமை:

ஐ-இ விதி பற்றி யாரும் தொடவில்லை. 'இ-க்கு முன்னே ஐ, சி-க்குப் பிறகு மட்டும் மாறும்' என்ற அந்தப் பாட்டை முழுதாகச் சொன்னால்தான் வேலை செய்யும்: ஒலி 'ஈ' ஆக இருந்தால் மட்டும். பிலீவ், பீஸ், ஃபீல்ட் மூன்றிலும் ஐ முன்னே. சி-க்குப் பிறகு வரும் ரிசீவ், சீலிங், டிசீவில் இ முன்னே. நெய்பர், வெய்ட், எய்ட் மூன்றிலும் ஒலி 'ஏ' மாதிரி, இந்த விதிக்குள் அவை வரவே வராது, எல்லாம் இ முன்னே. சயின்ஸைக் காட்டி 'சி-க்குப் பிறகு ஐ வந்திருக்கிறதே' என்பவர்களுக்கும் அதே பதில், அங்கே 'ஈ' எங்கே இருக்கிறது? உண்மையான விலக்குகளை மட்டும் ஒரு வரியில் வைத்துக்கொள்ளலாம்: பறிக்கும் சீஸ், வியர்ட், ப்ரோட்டீன், காஃபீன், இவற்றில் இ முன்னே. ஸ்பீஷீஸில் சி-க்குப் பிறகும் ஐ முன்னே.

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ-யில் பிழை திருத்தும் எடிட்டிங் பகுதிக்கு ஒரு சொல். கோடிட்ட சொல்லில் இருப்பது ஸ்பெல்லிங் பிழையா இலக்கணப் பிழையா என்று தாளில் சொல்ல மாட்டார்கள். அதனால் முதலில் சொல்லை மட்டும் பாருங்கள். எழுத்து ஒழுங்காக இருந்தால் பிழை இலக்கணத்தில்தான். வினைச்சொல் என்றால் எழுவாயைத் தேடி விரல் வைக்க வேண்டும். 'ஒரு பெட்டி மாம்பழம்' எழுவாயாக வந்தால் பிள்ளைகள் பக்கத்தில் நிற்கும் மாம்பழத்தின் பன்மையைப் பார்த்து 'வேர்' போடுவார்கள். எழுவாய் பெட்டி, எனவே 'வாஸ்'. சரியான சொல்லைக் கண்டுபிடித்து அதன் ஸ்பெல்லிங்கில் விட்டாலும் மதிப்பெண் போய்விடும்.

எ, ஆன் விஷயத்தில் தமிழ்ப் பிள்ளைக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது. ஒரு வீடு, ஓர் ஊர். அதே கணக்குதான், ஆனால் ஆங்கிலத்தில் எழுத்தைப் பார்க்காமல் ஒலியைப் பார்க்க வேண்டும். எச்டிபி அடுக்குமாடி வீட்டுக்கு ஆன், 'எச்' என்று உயிரில் தொடங்குகிறது. எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கும் ஆன். யூனிவர்சிட்டிக்கு எ, யூனிஃபார்முக்கு எ. ஹவருக்கு ஆன். அந்த என், எங்கே ஒட்டுவது என்று ஆங்கிலேயருக்கே ஒரு காலத்தில் குழப்பம். சமையலறை ஏப்ரன் முன்பு நேப்ரன். 'எ நேப்ரன்' என்பதை 'ஆன் ஏப்ரன்' என்று பிரித்துக் கேட்டுவிட்டார்கள். நிக்நேமில் அதுவே எதிர்ப்பக்கம், ஆனின் என் வந்து சொல்லோடு ஒட்டிக்கொண்டது.


மீன்கொத்தி:

மிக்க நன்றி. குவியல் பிரிக்கும் வேலையை இன்றே தொடங்கினோம், ஐலண்ட் தன்னால் அநாதைக் குவியலுக்குப் போய்விட்டது. ஒரு சந்தேகம். தனிக்குறில் ஐயா விதிப்படி ட்ராவலில் அழுத்தம் முதலசையில். அப்படியென்றால் ட்ராவல்டில் ஒற்றை எல்தானே? ஆசிரியர் இரட்டை என்கிறார், கணினி இரட்டைக்குச் சிவப்புக் கோடு போடுகிறது.


தனிக்குறில்:

விதிப்படி நீங்கள் சொல்வது சரி. ஆனால் பிரிட்டிஷ் வழக்கில் கடைசி எல்லுக்கு மட்டும் அழுத்தம் பார்ப்பதில்லை. ட்ராவல், கேன்சல், மாடல் மூன்றும் இரட்டும். அமெரிக்கர் விதியை அப்படியே பிடித்து ஒற்றையாக வைத்துக்கொண்டார்கள். கலரில் யு இல்லாததும், சென்டரில் இ முன்னே வருவதும் அந்தப் பக்கத்து வழக்குதான், 1828இல் நோவா வெப்ஸ்டர் போட்ட அகராதி அவற்றை நிலைநிறுத்தியது. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் பிரிட்டிஷ் வழக்கு, எனவே ஆசிரியர் சொன்னபடி இரட்டை. உங்கள் கணினி அமெரிக்க ஆங்கிலத்தில் நிற்கிறது. வேர்டில் திருத்தும் மொழியை மாற்றும் இடத்தில் சிங்கப்பூர் ஆங்கிலம் என்றே தனியாக இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே தட்டச்சு செய்த பத்தி பழைய மொழியிலேயே இருக்கும், எல்லாவற்றையும் தேர்வு செய்துவிட்டு மாற்ற வேண்டும்.

அதோடு ப்ராக்டிஸையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் வழக்கில் பெயர்ச்சொல்லுக்கு சி, வினைக்கு எஸ். அமெரிக்காவில் இரண்டுக்கும் சி, அதனால் கணினி உதவாது. எது எது என்று குழம்பினால் அட்வைஸை அந்த இடத்தில் வைத்துச் சொல்லிப் பார்க்கட்டும். பெயரில் 'ஸ்' கூர்மையாக வரும், வினையில் அதிர்ந்து வரும். அங்கே காது கேட்கும் வித்தியாசத்தை இங்கே கை போட்டால் போதும். லைசென்ஸுக்கும் இதே கணக்கு.